பிடித்த ஸ்டாண்ட்-அப் காமெடி ஆள் யார்? பார்த்ததும் ரிமோட்டைத் தேட வைப்பவர் யார்?

பெரட்டுக்களம் (பெஸ்தாரி ஜெயா)

பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள், காரணமும் எழுத வேண்டும். நானே தொடங்குகிறேன்.

என் முதல் இடம் நம் மலேசியக் கவின் ஜேவுக்கு. 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் அவருடைய தனி நிகழ்ச்சி வந்தது. சிங்கப்பூர் மேடையில் எடுத்தது. விஎச்எஸ் கேசட் காலத்தில் வளர்ந்த கதைகளைச் சொல்வார். வாடகைக் கேசட்டுக்கு வரிசையில் நின்ற ஆட்களுக்கு அது அப்படியே உள்ளே இறங்கும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கொஞ்சமும் அவசரப்படாமல் நிற்பார், அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். தன் பருமனைத் தானே கிண்டல் செய்வார், ஆனால் நம்மை "ஐயோ பாவம்" என்று நினைக்க விடமாட்டார்.

இரண்டாவது அலெக்சாண்டர் பாபு. ஐடி வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வந்தவர். 2019-இல் அமேசான் பிரைமில் வந்த அவருடைய நிகழ்ச்சிதான் என் அம்மா முழுதாக உட்கார்ந்து பார்த்த ஒரே ஸ்டாண்ட்-அப். பாட்டு வந்ததால் உட்கார்ந்தார், பிறகு சிரிப்புக்காக எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது ரொமேஷ் ரங்கநாதன். இங்கிலாந்தில் பிறந்த இலங்கைத் தமிழர், முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முகத்தில் சிரிப்பே இருக்காது. வாழ்க்கையில் அலுத்துப்போன சித்தப்பா ஒருவர் தப்பித்தவறி மைக் முன்னால் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆகாதவர் என்றால் அங்கிள் ரோஜர். அந்த வேடம் போடுகிற நைஜல் இங் நம் கேஎல்லில் (கோலாலம்பூரில்) பிறந்தவர்தான், 2020-இல் பிபிசியின் முட்டைச் சோறு காணொளியை அவர் பிய்த்துப் போட்டபோது நானும் சிரித்தேன். பிறகுதான் உறுத்தியது. அவர் இயல்பாகப் பேசுவது அப்படி இல்லை, அது போட்டுக்கொண்ட உச்சரிப்பு. வெள்ளைக்காரன் சிரிக்க வேண்டும் என்பதற்காக நம் ஊர் அங்கிள் மாதிரி பேசுவதை எத்தனை காணொளிக்குப் பார்ப்பது?

அதைவிட ஆகாத கூட்டம் ஒன்று உண்டு. கல்யாண விருந்திலும் கம்பெனி டின்னரிலும் மைக்கைப் பிடித்து வடிவேலு குரலிலும் கவுண்டமணி குரலிலும் பேசிக்கொண்டே இருப்பவர்கள். அது ஓய்ந்ததும் தோளில் துண்டு, கையில் சம்சு என்கிற மலிவுச் சாராய போத்தல், தள்ளாடும் நடை என்று "எஸ்டேட் தமிழன்" வேடம் வரும். கைதட்டலும் வரும். நான் தட்டியதில்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், ஒரு நாளும் தள்ளாடி நடந்ததில்லை.


தே_ஓ_கோசோங் (புக்கிட் ரோத்தான்)

அண்ணே, அங்கிள் ரோஜர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. அது ஒரு பாத்திரம். ஆரஞ்சு டி-சர்ட்டைப் போட்டால் ரோஜர், கழற்றினால் நைஜல். அஜினமோட்டோவை விஷம் என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களை ஒரே ஆள் வாயடைக்க வைத்தார், அதற்கே மாலை போடலாம். சீனாவைப் பற்றிக் கிண்டல் செய்து 2023-இல் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. பயந்தவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு சோறு மட்டும் வறுத்திருப்பார். இப்போது கேஎல் பெவிலியன் பேரங்காடியில் சாப்பாட்டுக் கடையே வைத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் ரோனி சியெங். ஜோகூர் பாருவில் பிறந்தவர், இப்போது நியூயார்க்கில் இருக்கிறார். உச்சரிப்பு விளையாட்டே கிடையாது, கோபம்தான் அவருடைய ஆயுதம். உங்கள் கணக்குப்படி பார்த்தாலும் அவருக்கு முழு மார்க்.

பிடிக்காதவர் ஜேசன் லியோங். டாக்டராக இருந்தவர், அறிவாளி, எல்லாம் சரி. ஆனால் அவர் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வரப்போகிற மாதிரியே ஒரு பதற்றம் இருந்துகொண்டிருக்கிறது. அவர் என்ன செய்வார், என் கோளாறுதான்.


கிராணி_மகன் (சுங்கை சிப்புட்)

உங்கள் இரண்டு பட்டியலையும் படித்தேன் தம்பிகளா. நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகுதான் தமிழன் தனியாக நின்று சிரிக்க வைக்கக் கற்றுக்கொண்டான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

திண்டுக்கல் லியோனியை எங்கே விட்டீர்கள்? எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மூன்று நாளும் ஒலிபெருக்கியில் லியோனி கேசட்தான். பட்டிமன்றம் என்று பெயரே தவிர, உண்மையில் அது ஒரு மனிதர், ஒரு மைக், எதிரே கூட்டம். பள்ளி ஆசிரியர், அதனால் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிற வித்தை தெரியும். பழைய பாட்டு ஒன்றை நன்றாகவே பாடுவார். நாம் தலையாட்டத் தொடங்கும் நேரத்தில் சட்டென்று நிறுத்தி அந்த வரியில் உள்ள கோமாளித்தனத்தை எடுத்துக் காட்டுவார். பெரட்டு, உன் அலெக்சாண்டர் பாபு செய்வதும் இதன் பேரப்பிள்ளைதான். அவர் இன்னும் நன்றாகப் பாடுகிறார், இன்னும் அன்பாகக் கிண்டல் செய்கிறார் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கும் முன்னால் கலைவாணர். கதாகாலட்சேபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு 'கிந்தனார்' கதை சொன்னாரே, பள்ளிக்கூடம் போய்ப் படிக்கத் துடிக்கிற ஏழைப் பையன் கதை. 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் வந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே வெளியே போய், வீட்டில் தன் பையனைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசித்திருக்கும். இப்போதைய பிள்ளைகளில் யார் அப்படி ஒன்றைச் செய்கிறார்கள்?

எனக்குப் பிடிக்காதவர்கள் என்று கேட்டால், மேடைக்கு வந்ததும் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தையாகக் கொட்டுகிறவர்கள். பெயர் எதற்கு, பாதிப் பேர் அப்படித்தான்.


லூனாஸ்_பொண்ணு (லூனாஸ், கெடா)

கிராணி மகன் அண்ணே, நீங்கள் சொல்லும் திருவிழாக் கேசட்டை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அதைக் கேட்டு ஆண்கள் சத்தமாகச் சிரிப்பார்கள், அம்மாக்கள் சோறு போட்டுக்கொண்டே புன்னகைப்பார்கள். வளர்ந்த பிறகு திரும்பக் கேட்டால் பாதி நேரம் மனைவி தொல்லை, மாமியார் தொல்லை, பெண்களின் அலங்காரம். 2021 தமிழ்நாட்டுத் தேர்தல் பிரசாரத்தில் லியோனி பெண்களின் உடம்பைப் பற்றிப் பேசி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? அது திடீரென்று வந்த வழுக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்தச் சரக்கு எப்போதும் பெட்டியில் இருந்ததுதான்.

மதுரை முத்துவும் எனக்கு ஒத்துவருவதில்லை. வேகம் இருக்கிறது, மூச்சு விடாமல் அடுக்குகிறார். ஆனால் ஐம்பது ஜோக் கேட்ட பிறகும் அந்த மனிதர் யார், எதற்குப் பயப்படுகிறார், எதை நேசிக்கிறார் என்று ஒன்றும் தெரியாது. கெட்டி மேளம் கேட்டுவிட்டு வந்த மாதிரி காது மட்டும் நிறைந்திருக்கும்.

எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பெண்கள். ஜோன் கேம், நம் நாட்டில் பெண்கள் மேடைக்கு வரத் தயங்கிய காலத்திலேயே வந்து நின்றவர். வாய் கொஞ்சம் அதிகம்தான், கிராணி மகன் அண்ணன் பார்த்தால் எழுந்து போய்விடுவார். இன்னொருவர் சுமுகி சுரேஷ். நாக்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். "நல்ல பெண்" என்று ஊர் சொல்வதற்குள் எவ்வளவு பொறாமையும் பைத்தியமும் ஒளிந்திருக்கிறது என்று காட்டுவார். அவரைப் பார்த்தால் என் சின்னம்மா ஒருவர் நினைவுக்கு வருகிறார், யார் என்று எழுதமாட்டேன், இந்த இழையை எங்கள் குடும்பத்தில் சிலர் படிக்கிறார்கள்.


கிராணி_மகன்

அந்தத் தேர்தல் பேச்சை நான் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை மகளே. அந்தப் பாட்டுக் கிண்டல் வித்தையை மட்டும் எனக்கு விட்டுவிடு.


லூனாஸ்_பொண்ணு

விட்டேன் அண்ணே.


செம்பனை_லோரி (லாபிஸ்)

என் வெறுப்பு ஒரே ஆள் மேல்தான். சிங்கப்பூரில் வளர்ந்த ஜோசலின் சியா. 2023-இல் நியூயார்க் மேடையில் எம்எச்370-ஐ வைத்து ஜோக் அடித்தாரே, அவர். 239 பேரோடு காணாமல் போன நம் மலேசிய விமானம். சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சரே மன்னிப்புக் கேட்டார், இங்கே போலீஸ் இண்டர்போல் வரை போனது. இண்டர்போல் கொஞ்சம் அதிகம்தான், அதைக் கேட்டு அந்த ஜோக்கைவிட நன்றாகச் சிரித்தேன். ஆனாலும் அவர் முகம் வந்தால் இன்றும் தள்ளிவிடுவேன்.

பிடித்தவர் ஹரித் இஸ்கண்டர். லோரியில் இரவு ஓட்டம் போகும்போது தூக்கம் வராமல் காப்பாற்றியவர். ஜோகூர் சாலையில் எனக்கு வேறு பரிந்துரை கிடையாது.


பெரட்டுக்களம்

ஹரித்தை எப்படி மறந்தேன்! 2016-இல் பின்லாந்தில் நடந்த இறுதிச் சுற்றில் லாஃப் ஃபேக்டரி காமெடி கிளப்பின் "உலகின் மிகச் சிரிப்பான மனிதர்" பட்டம் வாங்கி வந்தவர். அந்தப் பட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது வேறு கதை. நம் நாட்டில் இந்தக் கலைக்குப் பாதை போட்டவர் என்பதில் சந்தேகம் இல்லை.


மைக்_பிடிச்சவன் (பந்திங், இப்போது பிஜே)

ரொம்ப நாளாக ஓரமாக நின்று படிக்கிறேன், இன்று எழுதித்தான் ஆக வேண்டும். நான் கேஎல்லில் ஓப்பன் மைக் செய்கிறவன், புதியவர்கள் யாரும் ஏறிப் பேசிப் பார்க்கிற மேடை அது. பெரிய ஆள் இல்லை. ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், விளக்கு அடித்தால் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரட்டு அண்ணன் சொன்ன எஸ்டேட் உச்சரிப்பு வியாபாரம் ஏன் நடக்கிறது என்று உள்ளே இருந்து சொல்கிறேன். மேடை பிடித்திருக்கிறது என்றால் நிமிடத்துக்கு நான்கைந்து சிரிப்பாவது வர வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் நான் யார், என் வீடு எது என்று கட்டி எழுப்ப நேரம் இல்லை. எதிரே சீனர், மலாய்க்காரர், வெளிநாட்டுக்காரர், நம்மவர்கள் நான்கு பேர். "மச்சா" என்று இழுத்து ஒரு வார்த்தை சொன்னால் அந்த நொடியே சிரிப்பு வந்துவிடும். வந்த சிரிப்பை விட மனம் வராது. அடுத்த வாரமும் அதையே செய்வோம். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் உன்னிடம் அந்தக் குரலைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரிந்து நல்ல திறமையுள்ள இரண்டு பேர் அப்படியே தேய்ந்து போனார்கள்.

இதில் இன்னொரு கோணல் இருக்கிறது. இந்த நாட்டில் மூன்று ஆர் தொடக்கூடாது என்பார்கள், ரேஸ், ரிலிஜியன், ராயல்டி, அதாவது இனம், மதம், அரச குடும்பம். ஆனால் மலேசிய ஸ்டாண்ட்-அப்பை வாழ வைப்பதே இன ஜோக்தான். சீனன் கணக்குப் பார்ப்பான், மலாய்க்காரன் மெதுவாக வருவான், இந்தியன் குடிப்பான், தலையாட்டுவான். எல்லாரும் எல்லாரையும் சமமாகக் கிண்டல் செய்தால் சண்டை இல்லை என்பது எழுதாத ஒப்பந்தம். இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர் என்ற நாடகக் குழு 1989-இல் தொடங்கியபோது அவர்கள் அரசியலைக் கிண்டல் செய்தார்கள், காமெடி கோர்ட் என்ற பெயரில் இண்டி நடராஜாவும் ஆலன் பெரேராவும் இரட்டையராக நின்று இனங்களை விதவிதமாகப் பேசிக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த நாங்கள் அரசியலை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு உச்சரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஏன் என்று கேட்டால், 2014-இல் திறந்த கிராக்ஹவுஸ் காமெடி கிளப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஒரு ஓப்பன் மைக் இரவில் ஒரு பெண் மேடையில் செய்த காரியத்துக்குப் பிறகு மாநகராட்சி கிளப்பின் உரிமத்தையே ரத்து செய்தது. எங்களுக்குப் பயிற்சிக்களமாக இருந்த இடம். அந்த வருஷம் முழுக்க மேடை ஏறியவர்கள் வீட்டில் எழுதிய தாளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

இந்தியாவிலும் கதை வேறு இல்லை. 2021 தொடக்கத்தில் முனாவர் ஃபரூக்கி மேடையில் சொல்லாத ஜோக்குக்காக ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். வீர் தாஸ் இரண்டு இந்தியாக்களைப் பற்றிப் பேசிப் புகார்களை வாங்கினார், 2023-இல் சர்வதேச எம்மியும் வாங்கினார். இந்த இரண்டாவது வகை முடிவு எல்லாருக்கும் வாய்க்காது.

எனக்குப் பிடித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் கவின் ஜேதான், பெரட்டு அண்ணன் சொன்ன அதே நிதானத்துக்காக. மௌனத்துக்குப் பயப்படாத ஆள். எங்களைப் போன்றவர்கள் இரண்டு நொடி சிரிப்பு வராவிட்டால் உளறத் தொடங்கிவிடுவோம்.


தே_ஓ_கோசோங்

மைக் அண்ணே, அப்போது அங்கிள் ரோஜரும் தேய்ந்து போவாரா?


மைக்_பிடிச்சவன்

ரோஜர் தேயமாட்டார், கடை இருக்கிறது. நைஜல் என்ன ஆவார் என்பதுதான் கேள்வி.


ஓய்வு_டீச்சர் (பாகன் செராய்)

தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேரன் இந்த இழையைக் காட்டினான். நீங்கள் எல்லாரும் எழுதுவதைப் பார்த்தால் தோட்டத்தில் சிரிப்பே இருந்ததில்லை, கேசட்டும் நெட்ஃபிளிக்ஸும் கொண்டு வந்து இறக்கியதுதான் என்று தோன்றும்.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசையில், நிற்கிற நேரத்திலேயே ஒருவர் தொடங்கிவிடுவார். விடியாத இருட்டு, பனி, கொசு, பெயர் கூப்பிடத் தோட்டத்துக் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, நிற்கிறார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல் மெதுவாக ஏதோ சொல்லும், வரிசை முழுக்கக் குலுங்கும், கிராணிக்கு யார் என்று கண்டுபிடிக்க முடியாது. பட்டப்பெயர் வைப்பதில் அவருக்கு ஈடில்லை. புதிதாக வந்த சின்னத் துரைக்கு வாரம் முடிவதற்குள் பெயர் வந்துவிடும், அந்தப் பெயர் அவர் மாற்றலாகிப் போன பிறகும் அந்த பங்களாவுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதிகாரம் இருந்தவர் மேல்தான் அந்தக் கிண்டல் போகும். சாயங்காலம் கள்ளுக்கடையில் அதே கதைகள் இன்னும் மசாலாவோடு வரும் என்று கேள்வி, நாங்கள் பெண்கள் அங்கே போவதில்லை. எங்களுக்கு ஆயாக்கொட்டகை இருந்தது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆயாக்கள் பேசிய பேச்சை இப்போது மேடையில் சொன்னால் மைக் தம்பிக்குக் கிளப் அல்ல, வீடே பறிபோகும்.

எனவே பெரட்டுக்களம் தம்பி, சம்சு போத்தலோடு வருகிற வேடத்தைப் பார்த்து நீ கோபப்படுவது சரிதான். அதைவிட எனக்கு எரிச்சல் தருவது அந்த வேடம் போடுகிறவனுக்குத் தோட்டத்துக் கிண்டல் ஒன்றுகூடத் தெரியாது என்பதுதான். எங்கள் ஆட்கள் பேசத் தெரிந்தவர்கள். அவன் காட்டுகிற ஆள் உளறத்தான் செய்கிறான்.

பிடித்தவர் அலெக்சாண்டர் பாபு. கெட்ட வார்த்தை இல்லாமல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒரு கூட்டத்தைக் கட்டிப் போட முடிகிறது. நம் ராகா வானொலியில் ஆனந்தாவும் உதயாவும் பேசியதும் பிடிக்கும், வேலையில் இருந்த காலத்தில் பள்ளிக்குக் காரில் போகும்போது கேட்பேன்.


பெரட்டுக்களம்

டீச்சர், இதை யாராவது மேடையில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆதங்கமே. தமிழில் ஸ்டாண்ட்-அப் என்றால் சென்னையில் இருந்துதான் வருகிறது. கார்த்திக் குமார், அரவிந்த் எஸ்ஏ, பிரவீன் குமார் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். 2020-இல் தமிழில் காமிக்ஸ்தான் போட்டி வந்தபோது ஒரு அத்தியாயம் விடாமல் பார்த்தேன். திறமையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்ஜினியரிங் காலேஜ், ஹாஸ்டல் மெஸ், அபார்ட்மென்ட் அசோசியேஷன், மாமி, டிகாக்‌ஷன் காபி. அரவிந்த் எஸ்ஏ பாதிக்கு மேல் ஆங்கிலம் வேறு. நான் சிரிக்கிறேன், ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று சிரிக்கிறேன். எனக்குத் தெரிந்த உலகம் எஸ்பிஎம் பரீட்சை முடிவு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்காத அழுகை, பிடிபிடிஎன் படிப்புக் கடன், விடிகாலை தொழிற்சாலை பஸ், தோட்டம் விற்றுப்போன பிறகு கொடுத்த குறைந்த விலை வீடு, நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது. இதற்குள் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது!


லூனாஸ்_பொண்ணு

லிஃப்ட் வேலை செய்யாத நான்காவது மாடிக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போன என் அண்ணன்மார்களை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டலாம் அண்ணே.

இன்னொன்று. கலக்கப் போவது யாரு 2005-இல் தொடங்கியபோது அதிலும் முதலில் மிமிக்ரிதான் அதிகம். அந்த மேடையில் இருந்து சிவகார்த்திகேயன் வந்தார். முதலில் பிறர் குரல், பிறகு தன் குரல் என்று ஒரு வழி இருக்கிறது. நம் ஊர் விருந்துகளில் மிமிக்ரி செய்கிறவர்களை அப்படியே ஒதுக்கிவிட முடியாது.


பெரட்டுக்களம்

சரி, ஆனால் அங்கே இரண்டாவது கட்டம் வந்தது. இங்கே அதே வடிவேலு குரல் என் கல்யாணத்திலும் கேட்டது, என் அக்கா மகள் கல்யாணத்திலும் கேட்டது. அவள் பிறக்கும்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.


செம்பனை_லோரி

ஐயா மைக், ஒரு உதவி. எங்கள் தாமானில், அதான் குடியிருப்பில், தீபாவளி கலை இரவு போடுகிறோம். போன வருஷம் ஒரு ஏற்பாட்டாளர் மூலம் கேஎல்லில் இருந்து ஸ்டாண்ட்-அப் ஆள் ஒருவரைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். நேரம் கடந்து வந்தார், வந்தும் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதியில் பிள்ளைகள் மேடையில் ஏறி ஓடிப் பிடித்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். குழுவில் எல்லாரும் "ஸ்டாண்ட்-அப் நம் சனத்துக்குப் புரியாது" என்கிறார்கள். புரியாதா?


மைக்_பிடிச்சவன்

லோரி அண்ணே, புரியும். உங்கள் சனத்தின் மேல் பழி போடாதீர்கள். எப்படி உட்கார வைத்தீர்கள்? நான் சொல்கிறேன், சரியா பாருங்கள். தேவான் என்கிற பெரிய பொது மண்டபம், முப்பது அடி உயரக் கூரை, மேலே விசிறி. வட்ட மேசை, மேசைக்குப் பத்துப் பேர், அதில் நான்கு பேருக்கு முதுகு மேடைப் பக்கம். மேடைக்கும் முதல் மேசைக்கும் நடுவில் ஒரு லோரி நிறுத்தலாம், பரதநாட்டியத்துக்கு விட்ட இடம். எல்லா விளக்கும் எரிகிறது. அவர் மைக் பிடித்த நேரத்தில் பிரியாணி வந்தது.

இதில் கவின் ஜே வந்து நின்றாலும் செத்துத்தான் போவார். சிரிப்பு ஒருவரிடம் இருந்து பக்கத்தில் இருப்பவருக்குத் தாவ வேண்டும். உயரக் கூரை சத்தத்தை விழுங்கிவிடும், தனக்குப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று ஒவ்வொரு மேசையும் நினைத்துக்கொள்ளும். வெளிச்சம் இருந்தால் ஆட்கள் சிரிப்பதற்கு முன் மாமனார் முகத்தைப் பார்ப்பார்கள். காமெடி கிளப்புகள் எல்லாம் ஏன் தாழ்ந்த கூரையோடு, இருட்டாக, முழங்கால் இடிக்கிற மாதிரி இருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? இடத்துக்கு வாடகை கொடுக்க வழி இல்லாமல் அல்ல. அதுவும் உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை.

இந்த முறை தேவானை விடுங்கள். பக்கத்தில் தமிழ்ப்பள்ளி வகுப்பறை இரண்டைத் தடுப்பெடுத்து ஒன்றாக்கக் கிடைக்குமா? அல்லது கோயில் பக்கத்துச் சின்ன மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலி, மேசை கிடையாது, முதல் வரிசை மேடையில் இருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில். பின்னால் விளக்கை அணையுங்கள். சாப்பாடு முன்னாலேயே முடியட்டும். பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் படம் போடுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள், நின்று பார்க்கிற கூட்டம் நன்றாகச் சிரிக்கும்.

ஆளைப் பற்றிக் கேட்டால், பெயர் பெற்றவர் வேண்டாம். டீச்சர் சொன்ன மாதிரி பெரட்டு வரிசையில் பேசத் தெரிந்தவர் உங்கள் தாமானிலேயே ஒருவர் இருப்பார். அவரைப் பத்து நிமிடத்துக்கு ஏற்றுங்கள், எழுதிக் கொடுக்க நான் வருகிறேன். பழக்கப்பட்டவர் ஒருவரை இருபது நிமிடத்துக்கு நான் கூட்டி வருகிறேன். உண்மையான துரை, உண்மையான மண்டோர் (மேஸ்திரி) பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.


ஓய்வு_டீச்சர்

உங்கள் ஊரில் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்த பாட்டி யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். ஆண்களையே தேடாதீர்கள்.


செம்பனை_லோரி

டீச்சர், இருக்கிறார். என் பெரியம்மா. குழு முழுவதும் அவருக்குப் பயப்படும், தலைவர் உட்பட.

மைக், பிரியாணி முன்னாலேயே முடிந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்கிறேன். லக்கி டிராவை என்ன செய்வது? முதல் பரிசு ஃபிரிட்ஜ்.


மைக்_பிடிச்சவன்

காமெடி முன்னால், ஃபிரிட்ஜ் கடைசியில். டிரா முடிந்த பிறகு மைக் பிடித்தால் நாற்காலி அடுக்குகிறவர்களுக்குத்தான் ஜோக் சொல்ல வேண்டியிருக்கும்.


செம்பனை_லோரி

ஒய்பி, அதான் நம் தொகுதி மக்கள் பிரதிநிதி, அவர் பேச்சு?


மைக்_பிடிச்சவன்

அவர் பேசி முடித்துக் காரில் ஏறிய பிறகு பெரியம்மாவை ஏற்றுங்கள். அவர் இருக்கும்போதே ஏற்றினால் கூட்டம் இன்னும் நன்றாகச் சிரிக்கும், ஆனால் அடுத்த வருஷ மானியத்துக்கு நான் பொறுப்பில்லை.


செம்பனை_லோரி

பெரியம்மாவிடம் கேட்டேன். ஒய்பி இருந்தால்தான் ஏறுவாராம்.